புற்றுமண் படிந்த நாலு கம்பி

பேஸ் கிடாரில் நல்ல சத்தம் எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். மரம் நல்ல மரமாக இருக்க வேண்டும், கம்பி வெளிநாட்டுக் கம்பியாக இருக்க வேண்டும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஸ்வரம் எழுதத் தெரியாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் யார் சொன்னதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. என் கிடாரில் இருக்கிற நாலு கம்பியையும் மாற்றச் சொல்லி அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். மாற்ற மாட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். பதினாறு தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும். நூல் சுமந்த நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்து அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். சில வருஷத்தில் என் காது மந்தமாகிவிட்டது. குருவிச் சத்தம் போனது, சைக்கிள் மணி போனது, என் மனைவியின் கொலுசும் போனது. இதற்காக நான் அம்மனைத் தவிர வேறு யாரிடமும் போய் அழுததில்லை.

தறியில் கோளாறு என்றால் பிட்டர் காதை நம்பமாட்டான். தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். நல்ல தறி கைக்குள் சீராக ஓடும். கெட்டது எங்கோ ஓரிடத்தில் முட்டும். அந்த இடத்தைக் கை சொல்லிவிடும்.

ஊரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கோயில் கொடை விழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் கச்சேரி செய்வார்கள். ஆர்கன் வாசிப்பவர்தான் குழுவின் முதலாளி. எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒயர் பற்றவைக்கவும் பெட்டி தூக்கவும் என்னை அங்கே கூப்பிடுவார்கள். பேஸ் கிடார் வாசித்தவருக்குப் பம்பாயில் வேலை கிடைக்க, அவர் கிடாரை விட்டுவிட்டு ரயிலேறினார். ஒருநாள் நான் அதைச் சும்மா மாட்டிப் பார்த்தேன். தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன்.

காதில் பெரிதாக ஒன்றும் விழவில்லை. ஆனால் கிடாரின் மேல்விளிம்பு நெஞ்செலும்பில் சாய்ந்திருந்தது. அந்த எலும்பு வழியாக ஒரு சத்தம் உள்ளே இறங்கி, வயிறு வரைக்கும் போய் நின்றது. வருஷக்கணக்கில் நான் முழுசாகக் கேட்ட முதல் சத்தம் அதுதான். அன்றைக்கே மாஸ்டரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் அது என் கைக்கு அடங்கவில்லை. கம்பிகள் பலகையிலிருந்து வெகுவாக எழும்பி நின்றன. அழுத்தினால் கை வலித்தது. தறியில் சட்டம் சாய்ந்திருந்தால் நாங்கள் ஒரு தகடு செருகிச் சரிசெய்வோம். அதே மாதிரி கிடாரின் கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் திருகாணிகளைக் கழற்றி, அம்மன் கோவில் குங்குமம் மடித்துத் தந்த தாளை நாலாக மடித்து உள்ளே வைத்து முடுக்கினேன். கம்பி கீழே இறங்கிக் கைக்கு வந்தது. தோளில் வார் அறுத்தது. கழித்துப்போட்ட தறி பெல்டில் ஒரு அகலமான துண்டைப் போட்டேன். பாரம் தோளில் பரவி உட்கார்ந்தது.

கம்பி உரசி உரசி விரலில் கொப்புளம் வந்தது. எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோமதி அம்மன் சந்நிதிப் புற்றுமண்தான். குழைத்து விரலில் பூசிக்கொண்டு அப்படியே வாசித்தேன். வேறு ஊர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். பேஸ் கம்பி என்பது ஒரு கம்பிமேல் இன்னொரு கம்பியைச் சுற்றிச் செய்தது. அந்தச் சுற்றுகளின் இடுக்கிலெல்லாம் மண் போய் உட்கார்ந்துவிட்டது. மாதங்கள் போகப் போகச் சத்தம் மாறியது. புதுக் கம்பியில் மேலாக ஒரு கணகணப்பு இருக்கும். அது எனக்குத் தறிச் சத்தத்தின் தம்பி மாதிரி. மண் அதை அடக்கிவிட்டது. மிஞ்சியது பெருமாடு ஒன்று ஈரமண்ணில் காலை வைக்கிற மாதிரி ஒரு சத்தம். மெதுவாகத் தொடங்கி, ஊன்றி, பிறகு விலகும். என் நெஞ்சு அதற்குப் பழகிவிட்டது.

மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை.

“என்னவே இது, சாக்கு மூட்டைய கம்பால அடிச்ச மாதிரி இருக்கு?” என்பார்.

“எனக்கு நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்.”

“ஒமக்கு நல்லா இருந்தாப் போதுமா? ஊரு கேக்காண்டாமா?”

டிரம்ஸ் வாசிப்பவர் தொழிலில் தையல்காரர். பகலெல்லாம் தையல் மெஷினை மிதித்து, சாயங்காலம் டிரம்மை மிதிப்பார். அவர் சொன்னார், “எனக்கும் நல்லா இருக்கு மாஸ்டர். கால எங்கன வைக்கணும்னு தெரியுது.”

“நீ போயி ஒன் மெஷினுக்கு எண்ணெய் விடுடே.”

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி மாதம். ஆடித்தபசுத் திருவிழாவில், தபசுக்கு முந்தின நாள் சாயங்காலக் கச்சேரி எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. கேசட்டில் பதிவு செய்ய ஒருத்தர் வருகிறார் என்று மாஸ்டர் தரையில் கால் பாவாமல் திரிந்தார். கிடாரைத் திருநெல்வேலியில் சர்வீஸுக்குக் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். நானும் நம்பிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது கிடார் பாலிஷ் போட்டு மின்னியது. நாலும் புதுக் கம்பி.

“எப்பிடி இருக்கு? மாப்பிள்ள மாதிரி இருக்குல்லா?”

மாட்டினேன். கம்பிகள் பழையபடி எழும்பி நின்றன. தட்டினேன். ‘டைங்’ என்று காதோரம் ஓடிப்போய்விட்டது. நெஞ்சுக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்க் கைகழுவ இடம் தெரியாமல் நிற்பவன் மாதிரி நின்றேன்.

“பழைய கம்பி எங்க மாஸ்டர்?”

“அந்தச் சனியனா? அங்கனயே குப்பையில போட்டாச்சு.”

“உள்ள ஒரு தாளு இருந்துச்சே.”

“அதுவுந்தான் போச்சு. கிடாருக்குள்ள குங்குமத்தாள வச்ச ஆளு ஒலகத்துலயே நீரு ஒருத்தருதான். கடைக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கான்.”

“அவன் சிரிச்சுக்கிடட்டும். எனக்குக் கம்பி கைக்கு நிக்கல. சத்தமும் இல்ல.”

“சத்தம் இல்லையா? ஒமக்குக் காது இல்லன்னு சொல்லும். செவிட்டுப் பயல்ட்ட கேட்டு நான் கம்பி போடணுமாவே?”

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மற்ற நாளாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். அன்று என்னவோ வாய் நிற்கவில்லை.

“காது கேக்கலங்கது நெசந்தான். அதுக்காவ என் கைக்கு என்ன வேணுங்கத நீங்க சொல்லப்பிடாது. இது பழையபடி ஆவும். நான் ஆக்குதேன்.”

“ஆக்கிப் பாரும். கச்சேரியன்னைக்கு அந்த மண்ணுச் சத்தம் வந்துச்சுன்னா ஒம்ம லைனப் புடுங்கிருவேன். ஆர்கன்ல எடது கையால நானே பேஸ் வாசிச்சுக்கிடுவேன். பாத்துக்கிடும்.”

சொந்த ஊர்த் திருவிழாவில், அம்மன் வீதியில், என் கிடாருக்கு வாய் இருக்குமா இருக்காதா என்பதுதான் இனி கேள்வி. வீட்டுக்கு வந்ததும் கழுத்தைக் கழற்றிப் புதுக் குங்குமத்தாள் ஒன்றை மடித்து வைத்தேன். கம்பி இறங்கியது. பிறகு புற்றுமண்ணை எண்ணெயில் குழைத்துத் துணியில் எடுத்துக் கம்பிகளில் பரபரவென்று தேய்த்தேன். மனைவி வந்து பார்த்தாள்.

“ஏங்க, அம்மன் மண்ண பாத்திரம் வெளக்குத மாதிரியா தேய்க்கது? அவ பொறுப்பாளா?”

“முன்னாடியும் இதுல மண்ணுதானட்டி இருந்துச்சு?”

“முன்னாடி வெரலுக்கு மருந்தாப் போட்டிய. வெரல்ல இருந்து அது தானாப் போச்சு. கோவத்துல தேய்ச்சா அது வெறும் மண்ணு.”

துணியைப் பிடுங்கிக்கொண்டாள். அதை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். “நாளைக்குக் கொடியேத்து. நான் கோயில்ல ஆடிச்சுத்து சுத்தப் போறேன். நூத்தியெட்டு. நீங்க இங்கன உக்காந்து சுத்துங்க.”

“எதச் சுத்த?”

“அந்தக் கம்பியத்தான். கீழ இருந்து மேல போயி, திரும்பக் கீழ வந்தா ஒரு சுத்து. வெரல்ல மண்ணப் போட்டுக்கிட்டு சுத்துங்க. அவளா எறக்கித் தந்தா தரட்டும்.”

அவளுக்குச் சங்கீதம் ஒரு எழுத்துத் தெரியாது. கொடி ஏறிய நாள் முதல் எங்கள் ஊரில் ஜனங்கள் நேர்ந்துகொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். நூற்றியெட்டு, ஐந்நூற்றியொன்று என்று அவரவர் கால் தெம்புக்குத் தக்கபடி. அவள் விடியலில் குளித்து அங்கே போனாள். நான் குளித்து, நீறு பூசி, விரலில் மண் பூசி, ஷிப்டுக்குப் போகுமுன் இங்கே உட்கார்ந்தேன். தடித்த கம்பியில் தொடங்கி, கிடார் கழுத்தில் ஒவ்வொரு கட்டமாக ஏறி, நாலு கம்பியும் கடந்து, இறங்கி வந்தால் ஒன்று. நூற்றியெட்டு வரைக்கும் எண்ணுவதற்குக் கிண்ணத்தில் புளியங்கொட்டை வைத்திருந்தேன். புதுக் கம்பி அரம் மாதிரி. மூன்றாம் நாள் விரல் வெடித்தது. வெடித்த இடத்தில் அவள் கோயிலிலிருந்து கொண்டுவந்த மண்ணை வைத்தாள். நாலாம் நாள் கணகணப்பு அப்படியே இருந்தது. ஆறாம் நாளும் இருந்தது. அம்மனோடு சண்டை போட்டேன். உனக்காக வாசிக்கத்தானே கேட்கிறேன், நான் என்ன மாளிகையா கேட்டேன் என்று உரக்கவே கேட்டேன்.

எட்டாம் நாள் எண்பதாம் சுற்றோ என்னவோ, தடித்த கம்பியைத் தட்டிவிட்டுக் கிடாரின் விளிம்பில் மோவாயைச் சாய்த்தேன். பல்லிலும் நெஞ்சிலும் அந்த மாடு காலை வைத்தது. எழுந்து போய் விளக்கேற்றினேன்.

கச்சேரி நாள் வந்தது. மேடையில் மாஸ்டர் முதல் தட்டிலேயே கண்டுகொண்டார். பாடகர் விநாயகர் பாட்டுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, மாஸ்டர் என் பக்கம் சாய்ந்தார்.

“திரும்பவும் மண்ணாவே? எறங்கும் கீழ.”

“எறங்க மாட்டேன் மாஸ்டர்.”

அவர் சொன்னபடியே செய்தார். போய் என் ஒயரை ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டு ஆர்கனில் உட்கார்ந்தார். முன்வரிசையில் சொந்தக்காரர்கள், கொட்டகை ஆட்கள், என் மனைவி. நான் நகரவில்லை. முழுப் பாட்டையும் ஒயர் இல்லாமலே வாசித்தேன். ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அம்மனுக்கும் கேட்டிருக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

இரண்டாவது பாட்டு வேகமான பாட்டு. மாஸ்டரின் இடது கை ஆர்கனில் முந்தியும் பிந்தியும் ஓடியது. சரணத்தில் டிரம்ஸ் தடுமாறி நின்றேவிட்டது. தையல்காரர் குச்சிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கூட்டத்தில் விசில் கிளம்பியது.

“என்னடே நிறுத்திட்ட?”

“மிதிச்சா கீழ தரையே இல்ல மாஸ்டர். எதுமேல மிதிக்க? கிடாரு அண்ணாச்சிக்கு லைனப் போடுங்க.”

“எலே, கேசட்டு ஓடுதுலே!”

“ஓடட்டும். நீங்க லைனப் போடாம நான் மிதிக்க மாட்டேன்.”

மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விசில் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அவரே எழுந்து வந்து ஒயரைச் செருகினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தடித்த கம்பியைத் தொட்டேன். மேடைப் பலகை காலுக்குக் கீழே அதிர்ந்தது. தையல்காரர் சிரித்துக்கொண்டே மிதித்தார். அதற்குப் பிறகு கச்சேரி நிற்கவில்லை.

நாலு நாள் கழித்துக் கேசட் வந்தது. ஜவுளிக்கடை மாடியில், நாங்கள் ஒத்திகை பார்க்கிற அறையில், மர மேஜைமேல் டேப் ரிக்கார்டரை வைத்து மாஸ்டர் போட்டார். லைன் போட்ட பிறகு வாசித்த பாட்டு அது. குரல் கேட்டது, ஆர்கன் கேட்டது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் மட்டும் இல்லவே இல்லை.

“பாத்தீரா? நான் அப்பவே சொன்னேன். ஒம்ம சத்தம் எங்கவே? காட்டும் பாப்பம்.”

நான் மேஜைமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினேன். பலகைக்குள் அது நடந்துகொண்டிருந்தது. மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்து என் கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். அவர் கையை உருவப் பார்த்தார். நான் விடவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் விடவில்லை.