ரெத்தினத்தின் கயிறு

கயிற்றின் நுனியை இடது டயரின் வெளி விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறார். மறு கை வலது டயரை நோக்கி நீள்கிறது. டிராக்டரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பதுபோல் இருக்கும். கன்னம் ஏறக்குறைய கலப்பை மாட்டும் கொக்கியில் ஒட்டும். கயிற்றில் ஒரு முடிச்சு உண்டு. அது வலது டயரைத் தாண்டி வெளியே விழுந்தால், “தேவலாம்” என்பார். உள்ளே விழுந்தால் கயிற்றைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். அந்த வண்டியை மறுபடி திரும்பியும் பார்க்க மாட்டார்.

கும்பகோணத்தில் டிராக்டர் விற்கும் எல்லாக் கடைகளுக்கும் ரெத்தினத்தைத் தெரியும். நான் கணக்கு மேசையில் இருக்கும் ஷோரூமிலும் ‘கயிறு சார்’ என்றுதான் பேச்சு. முகத்துக்கு நேரே ‘சார்’ மட்டும். வயது அறுபதை நெருங்கும். வெள்ளை முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருப்பார். பாக்கெட்டில் பேனா இருக்காது, நீல நைலான் கயிற்றின் சுருள்தான் துருத்திக்கொண்டிருக்கும். முடிச்சைத் தாண்டிய பகுதியில் கயிறு அங்கங்கே நெளிந்து, அந்த நெளிவுகளில் மட்டும் நிறம் தேயாமல் இருந்தது. பழைய கயிறு போல என்று நினைத்துக்கொண்டேன்.

விற்பனையைப் பார்க்கும் அஸார் நன்றாகப் பேசுவான். குதிரைத்திறன், டீசல், எத்தனை கிலோ தூக்கும், எத்தனை வருட வாரண்டி என்று வரிசையாக எடுத்துவிடுவான். ரெத்தினம் முழுவதையும் மரியாதையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் கயிற்றை எடுப்பார்.

“டேப் தரட்டுமா சார்?” என்று ஒருமுறை அஸார் கேட்டான்.

“வேணாம் தம்பி. டேப்புன்னா நான் ஒரு நம்பர் சொல்லுவேன், நீங்க ஒரு நம்பர் சொல்லுவீங்க. இது பேசாது.”

எல்லாக் கம்பெனி வண்டிகளைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. பெயர் சொல்ல மாட்டார், நிறம்தான். “ஆரஞ்சுல சத்தம் கம்மி. செவப்புக்கு சாமான் எங்க கேட்டாலும் கெடைக்கும். பச்ச பாக்க ராஜா மாதிரி இருக்கு. ராஜாவுக்கு எடம் ஜாஸ்தி வேணும்.” முதலில் ஓரளவு பெரிய வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு வருடமும் ஒரு படி சின்னதற்கு இறங்கி, இப்போது பழத்தோட்டத்துக்கு வாங்கும் குட்டி வண்டிகளுக்கு வந்திருக்கிறார். கூட வந்திருந்த அவர் மனைவி கண்ணாத்தாள் ஒருநாள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: “பொண்ணுக்கு மாப்ள பாத்தப்பகூட இத்தன பேர நிக்க வச்சு அளக்கல.” ரெத்தினத்துக்குக் காதில் விழுந்தது. சிரிக்கவில்லை.

எல்லா நிறத்திலும் அவர் தவறாமல் செய்யும் இன்னொரு காரியம், ஏறி உட்கார்வது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓடும் பஸ்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். குவைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். “அங்க வானத்துல உக்காந்து சம்பாரிச்சேன் தம்பி. இங்க வந்து வரப்புல நிக்கிறேன்” என்றார் ஒருநாள்.

டில்லர் வாங்கினால் தீர்ந்துவிடுமே என்று அஸார் பலமுறை சொல்லியிருக்கிறான். பின்னால் நடந்தபடி தள்ளி ஓட்டும் அந்த உழவு இயந்திரம் எந்தச் சந்திலும் போகும். ஷோரூம் மூலையில் ஒன்று நின்றிருந்தது. ரெத்தினம் அந்த மூலைப் பக்கமே போனதில்லை. “எங்கப்பா அடுத்தவன் மாட்டுக்குப் பின்னாடி நடந்தே செத்தாரு. நான் உக்காந்துதான் உழுவணும்.” இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும்.

குவைத் சம்பாத்தியத்தில் அவர் வாங்கிய நிலம் திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. விற்றவர் சிவசங்கரன். சென்னையில் இருக்கிறார். ரெத்தினத்தின் அப்பா பண்ணையாளாக இருந்தது அந்தக் குடும்பத்தில்தான். கடைசித் துண்டை மட்டும் விற்றுவிட்டு, சாலைக்கும் அதற்கும் நடுவே உள்ள நிலத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். வாய்க்காலை ஒட்டிப் போகும் பெரிய வரப்புதான் ரெத்தினத்துக்கு வழி. அப்போது அதில் மாட்டு வண்டி போகும்.

“வழியப் பத்தி என்னடா யோசனை, தாராளமா போய்க்கோன்னாரு. பத்திரத்துல எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்கணும். அவங்க வீட்டு வாசல்ல நின்னப்ப அது வாயில வரல தம்பி. எங்கப்பா நின்ன வாசல்.”

நடு நிலத்தை இப்போது குத்தகைக்கு எடுத்திருப்பவர் இளஞ்செழியன். ஊரில் பெரிய டிராக்டர் வைத்து வாடகைக்கு உழுபவரும் அவர்தான். போன வருடக் குறுவைக்கு ரெத்தினத்தின் வயலுக்குக் கடைசியாக வருகிறேன் என்றார். அதற்குள் தன் குத்தகை வயல் முழுவதும் நட்டு முடித்துவிட்டு, “இப்ப எது மேல ஏத்திட்டு வரச் சொல்ற?” என்று கேட்டார். ரெத்தினத்தின் நாற்று நாற்றங்காலிலேயே முற்றி மஞ்சளாகிப் போனது. மாட்டுக்கு அறுத்துப் போட்டார்கள். சிவசங்கரனுக்குப் போன் செய்தபோது, “அதெல்லாம் இளஞ்செழியன் பாத்துக்கறார். நீங்க ரெண்டு பேருமே பேசிக்கோங்கோ” என்றாராம். தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் மனுக் கொடுத்ததற்கு, பத்திரத்தில் வழி இல்லை என்று பதில் வந்தது. சொந்த வண்டியும், அது போகும் அளவு வரப்பும் இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம். அதனால்தான் கயிறு; நுனியிலிருந்து முடிச்சு வரை வரப்பின் அகலம்.

இந்த வருடம் ஒரு வண்டிக்கு முடிச்சு வெளியே விழுந்தது, எங்கள் ஷோரூமில். ரெத்தினம் மூன்று தரம் அளந்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, முதல்முறையாக ஸ்டியரிங்கைப் பிடித்தார். “வயல்ல ஓட்டிக் காட்டிருங்க, எடுத்துக்கறேன்.”

மேட்டூர் தண்ணீர் இன்னும் வந்து சேராத ஒரு காலையில் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். புகைப்படம் எடுக்க என்னையும் அனுப்பியிருந்தார்கள். ரெத்தினம் சாலையிலேயே நின்றிருந்தார், அதே முழுக்கைச் சட்டை. வண்டியின் மூக்கில் கண்ணாத்தாள் சந்தனம் வைத்தார். இளஞ்செழியன் மோட்டார்த் தண்ணீரில் முந்திக்கொண்டு நட்டிருந்ததால் வரப்பின் வலப்பக்கம் பச்சையாக அசைந்தது. இடப்பக்கம் காய்ந்த வாய்க்கால். நடுவே வரப்பு. அதன் வயல் பக்கத்து விளிம்பு மட்டும் புதிதாக, வெண்ணெயை வழித்ததுபோல், நெடுக வெட்டப்பட்டிருந்தது. நடவுக்கு முன் மண்வெட்டியால் வரப்போரத்தைச் செதுக்குவார்கள், அண்டை வெட்டுவது என்று பெயர். வெட்டிய மண் வயலுக்குள் போய்விடும்.

ரெத்தினம் அஸாரிடம் வண்டியை இறக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். குத்துக்காலிட்டு, கயிற்றை வரப்பின் குறுக்கே பிடித்தார். முடிச்சு வெட்டு விளிம்பைத் தாண்டி, நாற்றுக்கு மேலே காற்றில் தொங்கியது.

பின்னால் பெரிய டிராக்டரின் சத்தம். இளஞ்செழியனுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். இறங்கவில்லை.

“என்ன ரெத்தினம், பொம்ம வண்டியெல்லாம் வருது ஒனக்கு?”

“வாங்க தம்பி. டெமோங்க.”

“நான் இருக்கறப்ப ஒனக்குத் தனியா எதுக்கு? ஒரு வார்த்த சொன்னா அடிச்சு விட மாட்டனா?”

“போன குறுவைக்கும் இருந்தீங்க தம்பி.”

இளஞ்செழியன் சிரித்தார். ரெத்தினம் வரப்பைக் காட்டி, “கொறஞ்சிருக்குங்க” என்றார்.

“எலி வளை, நண்டு வளை. வெட்டாம விட்டா தண்ணி நிக்குமா? ஒன்னமாரி கயிறு புடிச்சா வெட்ட முடியும்?” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. “சார், நீங்க எந்த ஷோரூமு? வெயில்ல நிக்கிறீங்களே. வாங்க, வீட்ல மோர் குடிச்சிட்டுப் போவலாம்.”

அந்த ‘வாங்க’ எங்கள் இருவருக்கு மட்டும். ரெத்தினம் அது தெரிந்தே கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை இருக்கிறது என்று அஸார் முணுமுணுத்தான். பெரிய டிராக்டர் போய்விட்டது.

“சார், இனிமே டில்லர்தான் சார்,” என்றான் அஸார் மெதுவாக. கண்ணாத்தாள் புடவைத் தலைப்பால் வண்டி மூக்கிலிருந்த சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தார், விற்காத வண்டி அழுக்காகத் திரும்பக் கூடாது என்பதுபோல.

“இதவிட ஒடுங்குனதா எந்தக் கம்பெனியாவது போடுறானா தம்பி?”

ரெத்தினம் வரப்பிலேயே உட்கார்ந்தார். கயிற்றை வாயருகே கொண்டுபோய், முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். அவிழ்ந்த இடம் நிமிரவில்லை. அதற்கு அப்பால் வரிசையாக இருந்த மற்ற நெளிவுகளைப் போலவே அதுவும் நெளிந்து நின்றது. வெட்டிய விளிம்பில் கயிற்றை வைத்து, விரலால் இடம் பார்த்து, ஒரு சாண் உள்ளே தள்ளிப் புது முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் இழுத்து இறுக்கினார்.