ஒற்றைக் காலில் ஏறிய கறுப்பு

பேரணாம்பட்டில் தோல் கிடங்கு வேலைக்காரன் கால் கறுப்பாகத்தான் இருக்கும். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் இறங்கி நாள் முழுக்கத் தோலை மிதிப்பவனுக்கு அது தேய்த்தாலும் போகாத கறை. அதனால் 1931 தை மாதத்தில் கன்னியப்பனின் இடதுகால் பெருவிரல் கறுத்தபோது, அவன் மனைவி பூவம்மாள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

நடை அதற்கு முந்தைய ஆடியிலேயே மாறிவிட்டது. வேலை விட்டு வரும் வழியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். புளியமரத்தடியில் நிற்பான். வலி விட்டதும் நடப்பான். அடுத்த மரத்தில் மறுபடி நிற்பான்.

"இன்னாய்யா, மரத்துக்கு மரம் நின்னு கும்பிடு போடுற? வேண்டுதலா?" என்று எதிரே வந்த பூவம்மாள் சிரித்தாள்.

"தொட்டித் தண்ணி குளிரு, பூவு. ஒரு பீடி இழுத்தா சரியாப் பூடும்."

பூவம்மாள் வீட்டிலேயே பீடி சுற்றுபவள். அவனுக்கென்று நல்ல இலையாகப் பொறுக்கி, தூளைத் தாராளமாகப் போட்டுச் சுற்றித் தருவாள். பிரியத்தைக் காட்ட அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

மாசியில் கால் வலியால் அவனால் படுக்க முடியவில்லை. காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டே உட்கார்ந்திருந்தான். எண்ணெய் தேய்க்கப் போனவள் இரண்டு பாதங்களையும் பிடித்தாள். வலது வெதுவெதுப்பாக இருந்தது, இடது சில்லென்றிருந்தது. விரலிடுக்கில் ஆறாத புண்.

"தோல்ல மயிர் எடுக்கப் போடுற சுண்ணாம்பு கடிச்சிருக்கும்," என்றான். அவளும் மஞ்சள் பற்றுப் போட்டு விட்டுவிட்டாள்.

கடைசியில் கவனித்தவர் கிடங்கு மேஸ்திரி ஷபீ அஹமது. "அடே கன்னியப்பா, ரெண்டு காலும்தானே தொட்டில முங்குது? பட்டைத் தண்ணி ஒரு காலை மட்டுமா கறுப்பாக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போடா, பேஜார் பண்ணாதே!"

வேலூரில் டாக்டர் இரண்டு கணுக்கால்களிலும் விரல் வைத்து நாடி பார்த்தார். இடதில் அது இல்லை.

"ரத்தக் குழாய் வீங்கி அடைச்சுப்போச்சு. நடக்கறப்ப இழுத்துதே, அப்பவே வந்திருக்கணும். பீடி உண்டா?"

கன்னியப்பன் மடியிலிருந்த பீடிக் கட்டை எடுத்துக் காட்டினான்.

"அப்பவே அதை விட்டிருந்தா இந்தக் கால் தப்பிச்சிருக்கலாம். இனியாவது விடு. இல்லேன்னா இன்னொரு காலும் போய்டும்."

இடதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் பூவம்மாள் பீடி சுற்றினாள். அடுப்பெரிய வேறு வழியில்லை. ஒருநாள் மடியில் முறத்தோடு இருந்தவளிடம் அவன் மெல்லக் கேட்டான்: "ஒண்ணே ஒண்ணு குடு, பூவு."

அவள் முறத்தை இறக்கி வைத்தாள். மீந்திருந்த பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துப் பார்த்தாள். சூடு இருந்தது.

"மாட்டேன்யா," என்றாள்.

புளியமரத்தடியில் அவன் முதன்முதலாக நின்ற அன்று சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. அன்று அவள் சிரித்துவிட்டாள்.