களிமண்ணில் ஆறு மாடு

1991 கோடை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் தனியாகக் குடியிருந்தேன். தபால் வழியில் படித்துவந்த மேற்படிப்புக்கு ஆய்வேடு எழுதவேண்டியிருந்தது. மனிதன் முதன்முதலில் எப்படி எழுதத் தொடங்கினான் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

மெசபடோமியாவில் ஈரக் களிமண்ணைத் தட்டி, நாணல் குச்சியின் முனையை அதில் அழுத்தி எழுதினார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கும் செய்து பார்க்கக் கை பரபரத்தது. ஏரியிலிருந்து மண் கொண்டுவந்து பிசைந்தேன். கோரையைச் சரிவாக நறுக்கிக்கொண்டேன். புத்தகத்தில் இருந்த மாட்டுத் தலை, வாற்கோதுமைக் கதிர், மீன், அம்பு எல்லாவற்றையும் உள்ளங்கை அகலக் களிமண் பலகைகளில் பதித்தேன். சிலவற்றைப் பக்கத்துச் செங்கல் சூளையில் கொடுத்துச் சுட்டு வாங்கினேன். ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று ஆசை.

வீட்டுக்கார அக்கா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

"இன்னா டீச்சர் இது? ஈர மண்ணுல கோழி நடந்துகினு போன மாதிரி கீது."

மாட்டுக்கு மாட்டையே வரைந்துவிடலாம், வரையவே முடியாததை எப்படி எழுதுவது என்று அந்தக் காலத்து ஆட்கள் தடுமாறியதைச் சொன்னேன். அவர்கள் பாஷையில் அம்புக்கும் உயிருக்கும் ஒரே ஓசை. அதனால் உயிர் என்று எழுத அம்பை வரைந்தார்கள். எழுத்து படத்தைவிட்டு ஓசைக்கு நகர்ந்தது அப்படித்தான். அவளுக்குப் பிடிபடவில்லை.

"நம்ம பாஷையில பாருங்க அக்கா. ஆறுன்னு ஒரு எண்ணிக்கை. அத எப்படி வரைவீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தவள் சிரித்துவிட்டாள். குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, குச்சியை வாங்கி, ஈரமான பலகையில் ஆற்றுத் தண்ணீர்போல வளைந்து வளைந்து கோடு போட்டாள். பக்கத்தில் ஒரு மாட்டுத் தலை.

"ஆறு மாடு. கீறது ஒண்ணு தான். மண்ணுலயாச்சும் ஆறா இருந்துட்டுப் போவட்டுமே."

அதையும் சூளைக்கு அனுப்பினேன்.

அந்த மே மாதத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. நாடே அறிந்த தலைவர் செத்துப்போனார். அவரைச் சுற்றி நின்றவர்களும் செத்தார்கள். மறுநாள் காலையில் பஸ் இல்லை, கடை இல்லை. அடுத்தடுத்த நாட்களில், குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவள் ஒரு பெண், இலங்கைக்காரி என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பேசிக்கொண்டார்கள். அவளுடன் வந்தவர்களைத் தேடி ஜீப்புகள் ஊர் ஊராக வரத் தொடங்கின.

கடைகள் திறந்ததும் தீப்பெட்டி வாங்கப் போனேன். சில்லறை இல்லை என்றார் கடைக்காரர். "நாளைக்கு வாறேன்" என்று சொல்லித் திரும்பினேன். எங்கள் ஊர்ப் பேச்சு அது; இலங்கைத் தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.  வீடு வந்து சேரும்வரை என் முதுகு கூசிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சர், கொஞ்ச நாளு கடைப் பக்கம் போவாத. இன்னா வோணுமோ என்கிட்ட சொல்லு. வெளியே வாயத் தொறக்காத."

"நான் நாகர்கோவில்காரிதானே அக்கா? உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவுங்களுக்கு யாரு சொல்றது? நீ பேசறது எங்களுக்கே ஒரு மாதிரி தான கீது."

அவள் போன பிறகுதான் அலமாரியில் வரிசையாக இருந்த பலகைகள் என் கண்ணில் பட்டன. ஊர் பேர் தெரியாத ஒருத்தி, தனியாக இருக்கிறாள், பேச்சு வேறு மாதிரி, அறை முழுக்க யாருக்கும் புரியாத குறிகள்.  குறிப்புத் தாள்களை அடுப்பில் போட்டேன். சுடாத பலகைகளை வாளித் தண்ணீரில் போட்டதும் கரைந்து சேறாயின. சுட்டவைதான் தொல்லை. நெருப்பில் வெந்த களிமண் தண்ணீரில் கரையாது. தீப்பிடித்து எரிந்த அந்தக் காலத்து நகரங்களில் இந்தப் பலகைகள் மட்டும் தப்பியது இதனால்தான் என்று நானே என் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். ஒன்றைத் தரையில் வைத்து அம்மிக் குழவியால் அடித்தேன். மூன்று துண்டானது. ஒவ்வொரு துண்டிலும் குறி பளிச்சென்று தெரிந்தது. சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடுமோ என்று குழவியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் ஜீப் வந்தது. எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டு வாசலிலும் அது நிற்கவில்லை. பெண் போலீஸ் ஒருத்தி என் அறைக்குள் வந்து, அடுப்புச் சாம்பலைக் கிளறினாள், சேற்று வாளியைப் பார்த்தாள், அலமாரியில் மிஞ்சியிருந்த சுட்ட பலகைகளை எடுத்துவைத்தாள், உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். "எதுக்கு உடைச்சே?" என்று கேட்டாள். பயந்துபோய் உடைத்தேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

விசாரணைக்காக எடுத்திருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை அறை என்று கதவில் எழுதியிருந்த அறையில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பல நாள் தூங்காத கண்கள். மேஜைமேல் என் பலகைகள்.

"எந்த ஊரு?"

"நாகர்கோவில் பக்கம், சார். ஸ்கூல் டீச்சர்."

"அங்கேருந்து படகுல எவ்வளவு நேரம்?"

"எங்க சார்?"

அவர் மாட்டுத் தலைப் பலகையை என் பக்கம் தள்ளினார்.

"இது என்ன?"

"மாடு, சார்."

"மாடுன்னா யாரு?"

"யாரும் இல்ல சார். மாடுதான். ரொம்பப் பழைய காலத்து எழுத்து."

"இது?"

"அது அம்பு. ஆனா அம்பு இல்ல சார், உயிர்."

 அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். "அம்புன்னா உயிர்" என்று ஒருமுறை வாய்விட்டும் படித்தார். நான் விளக்க விளக்க ஒவ்வொன்றும் எனக்கே ரகசியச் செய்தியாகக் கேட்டது.  

புத்தகம் பள்ளி அலமாரியில் இருப்பதாகச் சொன்னேன். ஆள் அனுப்பினார்கள். மத்தியானம் தலைமை ஆசிரியரே கொண்டுவந்தார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. "டீச்சர்தான் சார், நல்ல பொண்ணு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு பலகையையும் படத்தின் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். மாடு இருந்தது. மீன் இருந்தது. அம்பும், அதற்கு உயிர் என்ற பொருளும் இருந்தன. அப்போதுதான் மூச்சு எனக்குச் சீராக வந்தது. கடைசிப் பலகையை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"இது இதுல இல்லையே."

அக்கா போட்ட பலகை.

உண்மையைச் சொன்னால் அவளும் இங்கே வந்து நிற்பாள். சொல்லாவிட்டால் நான் வெளியே போகமுடியாது. "ஆறு மாடுன்னு அர்த்தம், சார். வீட்டுக்கார அக்கா விளையாட்டா போட்டது" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

என்னைப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். ஜீப் போகும் சத்தம் கேட்டது, திரும்பி வரும் சத்தமும் கேட்டது. பிறகு குழந்தையின் அழுகை. அக்கா, "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதுதான் அவளுக்கு நல்லது. புருஷன் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர். கையில் குழந்தை. வாடகைக்கு வந்த ஒருத்திக்காக அவள் ஏன் மாட்டிக்கொள்ளவேண்டும்?

"இது யார் போட்டது?" சுவருக்கு அந்தப் பக்கம் அதிகாரியின் குரல்.

"நான் தான் சார்." அக்காவின் குரல் உடைந்திருந்தது.

"என்ன எழுதியிருக்கே?"

"ஆறு மாடு, சார்."

"ஆறு எங்கே இருக்கு? ஆறு கோடு இல்லையே."

"அதோ கீதே சார், தண்ணி ஓடுதே. ஆறு! தப்புன்னா மன்னிச்சுக்கோங்க சார், புள்ளைக்குப் பால் குடுக்கணும்."

அதிகாரி பேனாவைக் கொடுத்து அதையே தாளில் போடச் சொன்னார். போட்டாள்போலிருக்கிறது. "உங்க வீட்ல எத்தனை மாடு?" என்று அதிகாரி கேட்டார். "ஒண்ணு சார்" என்றாள். அந்த அறையில் யாரோ சிரித்தார்கள். அது அதிகாரியா, காவலரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

வெயில் சாய்வதற்குள் எங்களை விட்டுவிட்டார்கள். கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி, பலகைகளை வைத்துக்கொண்டார்கள். வண்டி கிடைக்காமல் நடந்தே வந்தோம். வழியில் ஒரு புளியமரத்தடியில் அக்கா உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். 

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லத் தான் நெனச்சேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "அந்த ஆளு அத்த எடுத்து முன்னால வச்சாரு பாரு, நான் போட்டது தானேன்னு வாயில வந்துட்டுது."

அந்த வாரமே அவள் புருஷன் அறையைக் காலி செய்யச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "ஊரு ஒரு மாதிரி பேசுது டீச்சர், கம்பெனிலயும் கேக்குறாங்க" என்று வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சிங்கப்பெருமாள் கோவில் ஊரில், என்னோடு கூட வேலை பார்த்த ஆசிரியை ஒருத்தியின் வீட்டில் இடம் கிடைத்தது. போலீஸ் மறுபடி என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் தெருவில் வண்டி நின்றால் எழுந்து நின்றுவிடும் பழக்கம் வெகுகாலம் போகவில்லை. ஆய்வேட்டை மறுபடி முதலிலிருந்து எழுதி, இரண்டு வருடம் கழித்து முடித்தேன்.

பிள்ளைப்பாக்கத்தைவிட்டு நான் கிளம்பிய அன்று என் தகரப்பெட்டியை அக்காவின் புருஷன்தான் தூக்கிவந்தார். அக்கா வாசலில் நின்றாள். நான் பஸ் ஏறியதும் அவர் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, கண்டக்டரிடம் உரக்கச் சொன்னார்: "எங்க வூட்டுப் பொண்ணு தான். பாத்து எறக்கி வுடுப்பா."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.