அக்கா கையில் இருந்த ஃபைல்

அக்கா! ஏ அக்கா! ரெண்டு தடவை கூப்பிட்டால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய். முதல் தடவை கூப்பிடும்போது உன் காது கம்ப்யூட்டருக்குள் இருக்கும். இப்போதும் எங்கேயோ உட்கார்ந்து எதையோ அடித்துக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் நான் கூப்பிடுவது விழவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் கூடப்பிறந்த அக்கா மாசி மாதம் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், அந்த வாரமே இல்லை. அவளும் நானும் சேர்ந்துதான் வேலை செய்தோம்.

நான் பத்தாவதோடு நின்றவன். திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையில் உடைந்த டிஸ்பிளே மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா விழுப்புரத்தில் காலேஜ் படித்தவள். கல்யாணமாகி மண்டகப்பட்டுப் பக்கம் போன பிறகு, மாமா வீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேஜை போட்டு, சின்னக் கடைகளுக்கு சாப்ட்வேர் செய்ய ஆரம்பித்தாள். விழுப்புரத்தில் ஒரு அரிசி மண்டிக்கு பில். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங். வானூர் பக்கம் ஒரு எண்ணெய் மில்லுக்கு வரவு செலவு. நேரில் போய்ப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் கொஞ்சம் புரோகிராம் அடிக்க வந்துவிட்டது.

மூன்று இடத்துக்கும் பொதுவாகச் சில வேலைகள் இருந்தன. பில்லில் தமிழ்த் தேதி வர வேண்டும். ரூபாயை எழுத்தால் எழுத வேண்டும். அந்த ஃபைல்களை அக்கா மூன்று இடத்திலும் தனித்தனியாக வைக்கவில்லை. ‘பொது’ என்று ஒரே ஃபோல்டர் போட்டு இன்டர்நெட்டில் வைத்தாள். மூன்று சாப்ட்வேரும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளும். ஒரு இடத்தில் திருத்தினால் மூன்றும் திருந்தும். ஒரு இடத்தில் தப்பு செய்தால் மூன்றும் கெடும். அதனால் ஒருத்தர் கையில் ஃபைல் இருக்கும்போது இன்னொருத்தர் தொட முடியாது. யார் எடுத்தாரோ அவர் பெயரும் ஒரு சின்னப் பூட்டுப் படமும் பக்கத்தில் வந்து நிற்கும். வேலையை முடித்துத் திரும்ப வைத்தால்தான் பூட்டு போகும். அதில் எங்கள் பெயர்கள் இரண்டுதான். அக்கா, தம்பி.

“டேய் எரும, தேதி ஃபைல எடுத்து வெச்சிக்கினு எங்கடா போன?” என்று போன் வரும்.

“டீ குடிக்க வந்தேன்க்கா. தோ, ஜல்தியா வெச்சிட்றேன்.”

“பூட்டிட்டு டீ குடிக்கப் போறானாம் தொர. உன்ன கொண்டும்போயி மில்லுல செக்கு மாட்டுக்குப் பதிலா கட்டணும்டா.”

“கட்டேன். அங்க யாரும் போன் பண்ணித் திட்ட மாட்டாங்க.”

சிரிப்பாள். சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாள்.

கருமாதி முடிந்து நான் கம்ப்யூட்டரைத் திறந்தபோது தேதி ஃபைல் பக்கத்தில் பூட்டு இருந்தது. பெயர், அக்கா.

ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுக்கச் சொல்லி மாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் போன் அணைந்து கிடந்தது. இங்கே மட்டும் அவள் இன்னும் வேலையாக இருந்தாள். ஃபைல் அவள் கையில் இருக்கிறது, முடித்ததும் வைப்பாள். காலையில் பல் தேய்க்கும் முன்னே அதைத் திறந்து பார்ப்பேன். மத்தியான வெயிலில் திண்டிவனத்தில் என் ரூமின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஃபேன் சத்தத்துக்குள் அவள் கீபோர்டு சத்தம் கேட்பது போல இருக்கும். கண் சொக்கும். அந்தப் பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, வாசல் வைத்த வீடு மாதிரி ஆகும். உள்ளே விளக்கு எரியும். உள்ளே அவள் இருப்பாள்.

பூட்டை உடைக்க ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ‘நிச்சயமா?’ என்று கேட்கும். உடைத்தால் அவள் பெயர் போய்விடும். அவள் எடுத்துப் பாதியில் வைத்திருக்கும் வேலையும் வீணாகும். நான் அந்தப் பட்டன் பக்கமே போகவில்லை.

அக்கா அந்த ஃபைலை எடுத்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். தமிழ் மாதம் ஒவ்வொன்றும் எந்த நாளில் பிறக்கிறது என்று வருஷா வருஷம் பஞ்சாங்கம் பார்த்து அதில் எழுத வேண்டும். வரப்போகிற வருஷத்துக்கு எழுதத்தான் எடுத்திருந்தாள். எழுதியதைத் திரும்ப வைக்காததால் எங்கள் சாப்ட்வேரில் புது வருஷம் பிறக்கவே இல்லை. ஊரில் சித்திரை வந்துவிட்டது. எங்கள் பில்லில் பங்குனி முப்பத்தொன்று, பங்குனி முப்பத்திரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அவள் போன பிறகு எனக்கும் நாள் அப்படித்தான் போனது. முடியாத ஒரு மாதத்துக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

மண்டபத்து மேனேஜர் நேராக என் ரூமுக்கே வந்துவிட்டார்.

“இன்னா தம்பி, ஊரே படையல் போட்டு சித்திரய கும்புட்டாச்சு. உன் கம்ப்யூட்டர்ல இன்னும் பங்குனியே ஓடிக்கினு கீது. நேத்து ஒருத்தர் ரசீதப் பாத்துட்டு, பங்குனி நாப்பதுல எந்த ஊர்ல சார் முகூர்த்தம்னு கேக்குறாரு.”

“சரி பண்ணிட்றேன் சார்.”

“அக்கா போன துக்கம் எனக்குப் புரியுது. ஆனா ஆவணிக்கு புக்கிங் வருது. முடியலன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்.”

அன்றைக்கு நான் ஒரு வேலை செய்தேன். ‘பொது’வில் இருந்த பழைய தேதி ஃபைலை நகல் எடுத்து, மண்டபத்து சாப்ட்வேருக்குள்ளேயே தனியாக வைத்து, அதில் புது மாதங்களை அடித்தேன். பூட்டைத் தொடவில்லை. மறுநாள் மண்டியில் இருந்து கேட்டார்கள். அதற்கும் ஒரு நகல் எடுத்து பஸ்ஸில் உட்கார்ந்து அடித்தேன். மில்லுக்கு ஒன்று. மூன்று இடத்தில் மூன்று ஃபைல். அவள் எது நடக்கக் கூடாது என்று அந்த ஃபோல்டரைச் செய்தாளோ, அவள் பெயர் போகக் கூடாது என்று நான் அதையே செய்தேன்.

வைகாசியில் மண்டிக்காரர் போன் செய்தார்.

“தம்பி, நீ இன்னா சாப்ட்வேர் போட்டுக்கீற? கல்யாணத்துக்கு அரிசி சொல்ல வந்தவங்க என் எதிர்ல நிக்குறாங்க. மண்டபத்து ரசீதுல ஆவணி பன்னெண்டு. என் பில்லுல ஆவணி பதினொண்ணு. இங்கிலீஷ் தேதி மட்டும் ரெண்டுலயும் ஒண்ணா கீது.”

பின்னால் இருந்து பெண்ணின் அம்மா கத்துவது கேட்டது. “கேளுங்க அந்தப் புள்ளைய! என் பொண்ணுக்கு ரெண்டு நாளும் தாலி கட்டணுமான்னு கேளுங்க! ஐயரு குறிச்ச நாள்ல மண்டபத்த வேற யாருக்கும் குடுத்துட்டாங்களான்னு கேளுங்க!”

“பன்னெண்டுதான் சரிங்க. மண்டபத்துல மாத்தம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க” என்றேன். பஸ்ஸில் அடித்த நகலில் ஆவணி பிறப்பை ஒரு நாள் தள்ளி அடித்திருந்தேன்.

“உங்கக்கா இருந்த வரைக்கும் இப்டி ஒரு பேஜாரு வந்ததே இல்ல தம்பி.” அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மறுநாளே மாமா ஊருக்குக் கிளம்பினேன். அக்காவின் லேப்டாப் அங்கேதான் இருந்தது. உடைத்துவிட்டு வருவதா, சும்மா பார்த்துவிட்டு வருவதா என்று எனக்கே தெரியாது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மயிலம் மலை வெயிலில் மிதப்பது போல இருந்தது. தூங்கிவிட்டேன். முன் சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். ஜன்னல் காற்றில் அவள் முடி என் முகத்தில் பட்டது. அக்கா என்றேன். “இருடா” என்றாள். திரும்பவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்று முழித்தபோது முன் சீட்டில் யாரோ ஒரு பையனும் ஒரு பலாப்பழமும் இருந்தார்கள்.

மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருடைய அண்ணி சேறு அப்பிய காலோடு பின்பக்கமாக வந்தார்.

“வா தம்பி. இன்னிக்கு உங்க மாமா மொற. அதான் மோட்டார் போட்டு உட்டுட்டு வர்றேன்.”

பங்காளிகள் நாலு பேருக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள்.

“மாமா போறதில்லையா?”

“அவரு எங்க எந்திரிக்கிறாரு. நாங்களே ஆளுக்கொரு தபா போய்ப் பாய்ச்சிட்டு வர்றோம். கேப்பைக்குத் தெரியுமா வூட்ல சாவுன்னு?”

“அப்ப அந்தத் தண்ணி உங்க கழனிக்கா?”

“அய்ய, நல்லா கேட்ட போ! அவரு மொற தண்ணிய நாங்க எப்டி எடுத்துக்கறது? அவரு கழனிக்குத்தான் போவும். மம்புட்டி புடிக்கறதுதான் வேற ஆளு. சாப்ட்டியா நீ?”

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூட்டைகளுக்கு நடுவில் மேஜை அப்படியே இருந்தது. லேப்டாப்பை சார்ஜில் போட்டு, கொஞ்ச நேரம் திறக்காமல் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழனிப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

திறந்தேன். தேதி ஃபைல் அவள் விட்ட இடத்தில் திறந்தே இருந்தது. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. ஐப்பசி வரைக்கும் அடித்து ஒரு கமா போட்டிருந்தாள். அவ்வளவுதான். கமாவுக்குப் பக்கத்தில் கர்சர் கோடு விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் அழுதேன். யாரும் வரவில்லை.

அப்புறம் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவள் கமாவில் இருந்து ஆரம்பித்தேன். கார்த்திகை. மார்கழி. தை. ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை சரிபார்த்தேன். பங்குனி வரைக்கும் போனேன். பூட்டை உடைக்கவில்லை. அவள் எடுத்ததை அவள் லேப்டாப்பில் இருந்தே, அவள் பெயரிலேயே திரும்ப வைத்தேன். பூட்டு போய்விட்டது. அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. மூன்று இடத்திலும் நான் போட்டிருந்த நகல்களை அழித்து, மூன்றையும் மறுபடியும் ‘பொது’வையே பார்க்க வைத்தேன். மண்டிக்குப் போன் செய்து ஒரு பில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சரியாக வந்தது.

மாமா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாடா பண்ற?”

“அக்கா பாதில வெச்சிருந்த வேல மாமா. முடிச்சி வெச்சிட்டேன்.”

“முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது மாமா.”

வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். மோட்டார் நிற்கும் வரை அப்படியே இருந்தோம்.

இப்போது காலையில் நான் திறந்தால் அந்த ஃபைல் பக்கத்தில் யார் பெயரும் இல்லை. அவள் இப்போது அங்கே இல்லை என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை. நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, பள்ளிவாசலுக்கோ மாதா கோயிலுக்கோ போகிறவர்களோ, எங்கேயும் போகாமல் வீட்டில் விளக்கு ஏற்றுகிறவர்களோ, யாராக இருந்தாலும் சரி. உங்களுக்காக வேண்டிக்கொள்ளும்போது என் அக்காவையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அங்கே எந்த வேலையும் பாக்கி இல்லாமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.