அண்ணன் மாட்டிய சிவப்பு பில்டர்

அண்ணே, உன் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன உன்னைப் பெட்டியில்தான் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு லயத்து வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அதனால் லிந்துலை டவுனுக்கும் நம் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆட்களை ஏற்றி ஹயர் ஓடிக்கொண்டே இருக்கிறேன்.

கார்தான் ஓட மாட்டேன் என்கிறது. ஆட்கள் நிறைய ஏறினால் கோயில் ஏற்றத்தில் திணறுகிறது. சத்தம் மட்டும் லொறி மாதிரி. போன வாரம் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் இருந்த அக்கா கேட்டார்:

"தம்பி, நாங்க எறங்கித் தள்ளவா, இல்ல சத்தம் போட்டே ஏத்திருவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இப்படியே போனால் நம் காரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அம்மாவுக்கும் எனக்கும் இந்தக் கார்தான் சோறு.

உன் கூட்டாளியிடம் போனேன். அவரும் ஹயர் ஓடுகிறவர். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டுகிற கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு நீ ஹட்டனில் வாங்கி மாட்டிய சிவப்பு எயார் பில்டருக்காக உன்னோடு ஓயாமல் சண்டை போட்டவர். பொனட்டைத் திறந்தார்.

"இது எஞ்சின் சூட்டத்தாண்டா இழுக்குது. பழைய பெட்டி வெளியில இருந்து குளுந்த காத்த எடுக்கும். சுத்தி மூடி, வெளிக்காத்து வர்ற மாதிரி மாட்டியிருந்தாலாவது பரவாயில்ல. சொன்னா, 'ஒனக்குப் பொறாமடா'ன்னான். தேங்காண்ணெ கதை தெரியும்ல?"

தெரியும். அந்தப் பில்டரைக் கழுவிவிட்டு, அதற்கென்று விற்கிற எண்ணெய் கிடைக்காமல் அம்மாவின் தேங்காய் எண்ணெயைத் தடவினாய். விடிந்தபோது குளிரில் அது வெள்ளையாக உறைந்து கிடந்தது. காற்றுப் போக வழியில்லாமல் கார் இருமி இருமி நின்றது. நீ அதை அடுப்பருகே காட்டிக்கொண்டு, "காருக்கும் தலைக்கு எண்ணெ வைக்கணும்லம்மா" என்றாய். அம்மா அகப்பையோடு விரட்டினார்.

பழைய பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அம்மா அதில் வெள்ளைப்பூண்டு போட்டு வைத்திருந்தார்.

"அவன் மாட்டினத ஏன்டா கழட்டுற? கெடந்துட்டுப் போகட்டும்."

"ஏத்தம் ஏறலம்மா."

அம்மா பூண்டைச் சுளகில் கொட்டிவிட்டு, பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

சிவப்பு பில்டரைக் கிளிப்புக்குப் பதிலாக நீ சைக்கிள் டியூப்பை வெட்டி முறுக்கிக் கட்டியிருந்தாய். அவிழ்க்க முடியவில்லை. கூட்டாளி கத்தியை நீட்டினார்.

"நீயே வெட்டு. என்னால ஏலாது."

வெட்டினேன். உள்ளே புது பில்டர் வைத்துப் பெட்டியை மாட்டினோம்.

மறுநாள் அதே ஏற்றம். கார் நிறைய ஆட்கள், அரிசி மூட்டை வேறு. சத்தமே இல்லாமல் ஏறியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீ இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா? "ஸ்பார்க் பிளக்க சுத்தம் பண்ணிருப்பீங்க, அதான் ஏறுது" என்று சோறு ஆறும்வரை கத்தியிருப்பாய். எதிர்த்துப் பேச நீ இல்லாமல் ஜெயித்து நான் என்ன செய்ய? ஆட்களை இறக்கிவிட்டு, இந்தத் தடவையாவது திணறாதா என்று காரைக் கீழே கொண்டுபோய் மறுபடியும் ஏற்றினேன். மறுபடியும் ஏறியது.

இதைப் படிக்கிறவர்களே, கோயிலுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் என் அண்ணனுக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. தோற்றதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத டிரைவர் என்று சொன்னால் போதும்.