கலப்பத்து அடித்த ரேடியோ

போன வாரம் என் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பழைய பெட்டி, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ராம் ஒன்று கூடுதலாகப் போட்டால் ஓடிவிடும் என்று ஒரு நப்பாசை. கடையில் இருந்த பெண் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். "சார், இப்ப வர்ற ராம் இந்த மதர்போர்டுல உக்காராது." சரி, போர்டை மாற்றம்மா என்றேன். "போர்ட மாத்துனா உங்க ப்ராசஸர் அதுல உக்காராது. ப்ராசஸரையும் மாத்துனா பவர் சப்ளை பத்தாது." அப்போ என்னதான் மிஞ்சும் என்று கேட்டேன். "கேபினட் மிஞ்சும் சார்" என்றாள், துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிற குரலில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காராத சாமானை அடித்து உட்காரவைத்த குடும்பம் எங்களுடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளில் தூத்துக்குடித் தோணிக்காரர் வீடுகளில் கொழும்புச் சாமான் ஏதாவது ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது ஜெசிந்தா அக்காவின் ரேடியோ. கொழும்புக்குத் தோணி ஓட்டிய மிக்கேல் அத்தான், கல்யாணமான புதிதில் அவளுக்குக் கொண்டுவந்தது. வால்வு ரேடியோ என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. சுவிட்சைப் போட்டதும் பேசாது. உள்ளே வால்வு என்கிற கண்ணாடிக் குழாயெல்லாம் சூடேறி, தூங்கி எழுந்த மாமனார் மாதிரி ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் வாயைத் திறக்கும். சூடான தூசியும் வார்னிஷும் கலந்து அப்போது ஒரு வாசனை வரும். இன்னொரு தடவை அதை மோந்து பார்க்க மாட்டோமா என்று இருக்கிறது.

அக்கா தலைப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் இருந்தாள், நிறைமாதம். அத்தானின் தோணியோ சரக்குக் கிடைக்காமல் கொழும்பிலேயே கிடந்தது. அங்கிருந்து வந்த இன்னொரு தோணிக்காரர் கொப்பரை வாசனையோடு வாசலில் நின்று சொன்னார்: "ஏளா ஜெசிந்தா, வார ஞாயித்துக்கெழம மத்தியானம் கொழும்பு ரேடியோ ஸ்டேஷன்ல மிக்கேல் பேசுதான். ஒனக்காகத்தான். கட்டாயம் கேக்கச் சொன்னான்."

அக்காவின் முகத்தைப் பார்க்கணுமே! அடுத்த நிமிஷமே அது வாடிப்போயிற்று. ரேடியோ அந்த வாரம்தான் ஊமையாகியிருந்தது. பக்கத்து வீட்டில் போய்க் கேளேன் என்றேன்.

"போலே! அவுக எங்கூட பேசயில ஊரே என் மூஞ்சியப் பாக்கணுமா? எனக்கு அழுக வரும்லா."

நான் அப்போது ஒரு சரக்கு ஏஜெண்டிடம் குமாஸ்தா. ரேடியோ ரிப்பேரைத் தபாலில் படித்தவன். தபாலில் நீச்சல் படித்த மாதிரி. ஒரு வால்வு போயிருந்தது, அதுவரை கண்டுபிடித்துவிட்டேன். கடைத்தெரு முழுக்க அலைந்ததில், பழைய எட்டுக்கால் தடி வால்வு இப்போது வருவதில்லை என்று கையை விரித்தார்கள். வேலை அதேதான், ஆனால் ஒன்பது கால், சின்ன உருவம் என்று புதுசு ஒன்றையும் அதற்கான சாக்கெட்டையும் கொடுத்தார்கள். பழைய சாக்கெட் இருந்த ஓட்டையில் புதுசை வைத்தால், அப்பன் செருப்பில் பிள்ளை கால் மாதிரி லொடலொட என்று ஆடியது.

அப்பா தோணி கட்டுகிறவர். எட்டிப் பார்த்தார். "இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? சேராத பலகைன்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாதுல. கலப்பத்து அடிச்சிருவோம்."

பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி அடைப்பதுதான் கலப்பத்து. கடலையே உள்ளே விடாத வேலை, ஒரு வால்வைப் பிடிக்காதா என்று எனக்கும் பட்டது. படித்த படிப்பு அப்படி! பூசி இறுகினதும் சுவிட்சைப் போட்டோம். ரேடியோ செருமிவிட்டுப் பாடியது. அக்கா அந்த வயிற்றோடு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததுமே அக்கா ரேடியோவைப் போட்டுவிட்டாள். இப்பவே எதற்கு என்றால், "நேரத்த மாத்திட்டாகன்னா?" என்றாள். காலையிலிருந்து விடாமல் பாடியது. வால்வு கொதிக்கும், கொதித்தால் குங்கிலியம் உருகும் என்று எனக்கும் உறைக்கவில்லை, அப்பாவுக்கும் உறைக்கவில்லை. தோணி என்றைக்கு ஐயா சூடாகியிருக்கிறது?

மத்தியானம் அத்தான் பேரைச் சொன்னார்கள். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜெசிந்தா, நாந்தான் மிக்கேல் பேசுதேன். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..."

பெட்டிக்குள் சொத்தென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்பக்கத் துணி வழியாகப் புகை வந்து, வீடு முழுக்கக் குங்கிலியம் மணத்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா விளக்கு வைக்கிற நேரம் வரை அழுதாள்.

மறுநாள் தெருவில் விசாரித்தாள். பெண் பிறந்தால் அக்கா பேரையே வைக்கச் சொன்னதாக ஒருத்தி. அடுத்த வருஷம் தோணியை விட்டுவிடுவதாகச் சொன்னான் என்று டீக்கடைக்காரர். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான் என்று இன்னொருத்தர். பிள்ளை பிறந்த பிறகு அத்தான் வந்து சேர்ந்தார். என்ன சொன்னீக என்று அக்கா பிடுங்கி எடுத்தாள். "மைக்குக்கு முன்னால எப்படியோ வாய்ல வந்துட்டு. நேர்ல சொல்ல வெக்கமா இருக்குளா" என்றார். எத்தனையோ வருஷம் கேட்டுப் பார்த்தாள். மனுஷன் அசையவே இல்லை.

பாய் விரித்து ஓடிய தோணிகள் போயின. எட்டுக்கால் வால்வுக்குப் பின்னால் ஒன்பது கால் வால்வும் போயிற்று. அப்பா, அம்மா, டீக்கடைக்காரர் எல்லாரும் போனார்கள். கடைசியில் அத்தானும் போய்விட்டார். பெட்டியை மூடப் போகும்போது அக்கா கொஞ்சம் பொறுங்கள் என்றாள். அவர் காதோரம் குனிந்து, "இப்பமாவது சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள். சுற்றி நின்றவர்களுக்கு அவள் எதைக் கேட்கிறாள் என்று புரியவில்லை. அன்றைக்கு அவர் பேசியதை முழுசாகக் கேட்ட ஒருவர்கூட அங்கே இல்லை.