நடிக்கத் தெரியாத நோயாளி

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரி திறக்க இரண்டு நாள் இருந்தபோது நடந்தது இது. நான் அங்கே ஆயா. மூன்றாவதோடு படிப்பை விட்டவள், எட்டாவது பாஸ் என்று பொய் சொல்லிச் சேர்ந்திருந்தேன். எப்போது தெரிந்துவிடுமோ என்று தினமும் பயம்.

"வர்றவங்களுக்கு இங்க என்ன கஷ்டம்னு பாக்கணும். நீங்க மன்னவனூர்லருந்து ஊசி போட்டுக்க வந்த ஆளா நடிங்க," என்றார் டாக்டரம்மா.

குளிருக்காக எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. அறைகளைப் பிரித்துப் பலகை மாட்டியதே அன்றுதான். எது ஊசி அறை? பலகைகளை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பதற்றத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

"யக்கா, என்னமா நடிக்கிறீங்க! சினிமாவுக்குப் போயிருக்கலாம்," என்று நர்ஸ் சிரித்தாள்.

நானும் சிரித்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒருத்தி இதே இடத்தில் நிற்பாளே என்று தோன்றியது.

"நடிக்கலீங்கம்மா. எனக்குச் சரியா வாசிக்க வராது. எட்டாவதுன்னது பொய்ங்க."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். டாக்டரம்மா ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். பிறகு, "கதவுல என்ன படம் போட்டா உங்களுக்குப் புரியும்? வெரசா சொல்லுங்க," என்றார்.

ஆஸ்பத்திரி திறந்த அன்று ஒரு தாய் யாரையும் கேட்காமல் ஊசி அறைக் கதவுக்குப் போனாள். படத்தைப் பார்த்ததுமே இடுப்பிலிருந்த பிள்ளை, "ஊசி வேணாம்!" என்று வீறிட்டது. ஒரு பிள்ளை அழுததற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.